கெலித் தீவனத்தில் மீன் எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெய்: நம் தட்டில் என்ன மாறுகிறது?



நம் அறக்கட்டளையின் வாழ்வாதார உதவியைக் கொண்டு வீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் தொட்டி அமைத்துக் கெலி மீன் வளர்க்கும் குடும்பங்கள், சில மாதங்களாக ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகின்றன. தீவன மூட்டையில் முன்பு மீன் எண்ணெய் என்று இருந்த இடத்தில் இப்போது தாவர எண்ணெய் என்று போட்டிருக்கிறதே, மீன் ஒழுங்காக வளருமா? வாங்கிச் சமைக்கும் நம் சகோதரிகளிடமிருந்து வருவது வேறு கேள்வி. மீன் சாப்பிட்டால் இதயத்துக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கும் நல்லது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். எண்ணெயை மாற்றிய பிறகும் அந்த நன்மை மீனில் இருக்கிறதா?

முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் கூடுதல் இடம் தேவைப்படுகிறது.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் சந்தையில் உயிரோடு துள்ளும் கெலியில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கெலியும் அதன் கலப்பினங்களும்தான். நம் பெரியவர்கள் வயல் வாய்க்காலில் பிடித்துத் தின்ற கெலி பூங்காவும் கெலி காயூவும் வேறு இனங்கள். ஆப்பிரிக்க இனம் 1980-களில் இந்நாட்டுக்குள் வந்தது. செவுளுக்கு மேலே கிளை கிளையாக ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதைக் கொண்டு நீருக்கு வெளியே தலை நீட்டிக் காற்றைச் சுவாசித்துக்கொள்ளும். மற்ற மீன் மூச்சுத் திணறிச் சாகும் நெருக்கடியிலும் இது பிழைக்கும். மூன்று நான்கு மாதத்தில் விற்கும் பருவத்துக்கு வந்துவிடும். குறைந்த இடம், குறைந்த நீர், குறைந்த காலம். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான மீன் இல்லை என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் செலவு தீவனத்தில் இருக்கிறது. கெலி வளர்ப்பில் மொத்தச் செலவின் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. தீவனத்தில் விலை கூடிய பொருள்கள் இரண்டு. ஒன்று மீன் தூள், மற்றொன்று மீன் எண்ணெய். இவை இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் எண்ணெயை ஏன் மாற்றுகிறார்கள் என்பது விளங்கும்.

பண்ணை மீனுக்குக் கொடுக்கப்படும் மீன் எண்ணெயில் பெரும் பங்கு, கடலில் பிடித்த சிறு மீன்களைப் பிழிந்து எடுக்கப்படுவது. நெத்திலி, மத்தி, சாளை போன்ற இனங்களை வேகவைத்து, அழுத்தி, எண்ணெயைப் பிரித்து, சக்கையை உலர்த்தித் தூளாக்குகிறார்கள். நூறு கிலோ மீனை இப்படிப் பிழிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 22 கிலோ தூளும் 5 கிலோ எண்ணெயும்தான். உலகில் இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் போன்றது தென் அமெரிக்காவின் பெரு நாடு. அங்கே பிடிபடும் நெத்திலி இனம் ஒன்றை உலகத் தீவனச் சந்தை பெரிதும் நம்பியிருக்கிறது. 2023-இல் பெருவின் வட மத்தியக் கடற்பகுதியில் குஞ்சு மீன்களே மிகுந்து காணப்பட்டதால், ஆண்டின் முதல் பிடிப்புப் பருவத்தையே அந்நாட்டு அரசு ரத்து செய்தது. உலகெங்கும் மீன் எண்ணெய் விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. எங்கோ ஒரு கடலில் நெத்திலி குறைந்தால் நிபோங் திபாலில் தொட்டி வைத்திருப்பவரின் தீவன மூட்டை விலை ஏறுகிறது. இது நியாயமா என்று கேட்டுப் பயனில்லை, சந்தை அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது.

இதில் நம் மனத்தை உறுத்த வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மொரித்தானியா, செனகல், காம்பியா என்ற மூன்று நாடுகளிலும் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்தக் கரைகளில் கிடைக்கும் மத்தி வகை மீன்தான் அங்குள்ள ஏழைகளின் அன்றாட ஆணம். கரையிலே அதை வாங்கிப் புகையிட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அதே கரைகளில் மீன் தூள் ஆலைகள் முளைத்தன. படகிலிருந்து இறங்கும் மீனுக்கு ஆலை கூடுதல் விலை கொடுக்கிறது. அந்தப் பெண்களால் அந்த விலைக்குப் போட்டியிட முடிவதில்லை. மீன் தூளாகவும் எண்ணெயாகவும் கப்பலேறி, வேறு நாட்டுப் பண்ணை மீன்களின் வயிற்றுக்குப் போகிறது.

நம் வீட்டு வாசலிலும் இதன் சிறு வடிவம் இருக்கிறது. இழுவை மடிப் படகுகளில் வரும் இக்கான் பாஜா என்ற பொடி மீன் குவியலைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். பாஜா என்றால் உரம். மனிதர் தின்னாத மீன் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அந்தக் குவியலைக் கிளறினால் பெரிதானால் நல்ல விலைக்குப் போகக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் கிடக்கும். அவையும் சேர்ந்தே தூள் ஆலைக்குப் போகின்றன.

ஆகவே மீன் எண்ணெயைக் குறைத்து வேறு எண்ணெய் போடுவது வியாபாரிகளின் தந்திரம் என்று மட்டும் எண்ண வேண்டாம். விலை ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. செம்பனை எண்ணெயை விட மீன் எண்ணெய் விலை கூடியது. ஆனால் உலகம் முழுதும் ஆண்டுக்குக் கிடைக்கும் மீன் எண்ணெய் பத்துப் பன்னிரண்டு லட்சம் டன் அளவில் பல ஆண்டுகளாக நின்றுவிட்டது. பண்ணை மீன் வளர்ப்போ ஆண்டுதோறும் பெருகுகிறது. இருப்பதைப் பங்கிட்டால் யாருக்கும் போதாது.

இனி மீனின் பக்கத்துக்கு வருவோம். எண்ணெய் எதற்கு? மனிதரைப் போலவே மீனுக்கும் கொழுப்பிலிருந்து இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று சக்தி. தீவனத்தில் போதிய கொழுப்பு இருந்தால் மீன் அதை எரித்து நீந்தும், மூச்சு விடும். விலை கூடிய புரதத்தைச் சதை வைக்கச் சேமித்துக்கொள்ளும். இந்த வேலைக்கு எந்த எண்ணெயும் போதும். இரண்டாவது வேலை நுட்பமானது. உடலின் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் ஒரு மெல்லிய கொழுப்புச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டச் சில குறிப்பிட்ட கொழுப்பு அமிலங்கள் வேண்டும். மூளைக்கும் கண்ணுக்கும் அவை அதிகம் வேண்டும். ஒமேகா-3 என்று டப்பாக்களில் பார்க்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டும்தான் அவற்றில் முக்கியமானவை. கடல் மீன் எண்ணெயில் இவை தயாராக இருக்கின்றன. செம்பனை, சோயா, சூரியகாந்தி, கடலை, எள் என எந்தத் தாவர எண்ணெயிலும் இவை இல்லை.

அப்படியானால் தாவர எண்ணெய் தின்னும் கெலி எப்படிப் பிழைக்கிறது? அல்லாஹ் நன்னீர் மீன்களுக்கு வேறொரு வசதி கொடுத்திருக்கிறான். கொடுவா, களவா போன்ற கடல் மீன்கள் இபிஏ, டிஎச்ஏ இரண்டையும் உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். சிறு மீன் தின்று வாழும் அவற்றுக்குத் தாமே செய்துகொள்ளும் தேவை எழவில்லை. ஆனால் கெலி போன்ற மீன்களின் ஈரலில், குட்டையான ஒமேகா-3 அமிலம் ஒன்றை எடுத்து, அதைப் படிப்படியாக நீட்டி, இபிஏ-யாகவும் டிஎச்ஏ-யாகவும் மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கெலியில் இக்கருவிகளுக்கான மரபணுக்களையே ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்தக் குட்டையான மூலப் பொருளின் பெயர் லினோலெனிக் அமிலம். அது சில தாவர எண்ணெய்களில் இருக்கிறது. மூலப் பொருள் கொஞ்சம் கிடைத்தால் கெலி தன் உடலுக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ளும். நிறையச் செய்யாது, தனக்குப் போதுமான அளவு செய்யும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஆய்வில் நம் தீவுக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மீன் சத்துணவு ஆய்வகத்தில், பேராசிரியர் இங் விங் கியோங்கும் அவருடைய மாணவர்களும் 2000-களின் தொடக்கத்திலிருந்தே கெலிக்கும் திலாப்பியாவுக்கும் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்து வந்தார்கள். ஒரு தொட்டியில் காட் மீன் ஈரல் எண்ணெய், ஒரு தொட்டியில் சூரியகாந்தி எண்ணெய், வேறு தொட்டிகளில் பல வகைச் செம்பனை எண்ணெய்கள். செம்பனை எண்ணெய் தின்ற கெலி வளர்ச்சியில் பின்தங்கவில்லை. அத்துடன் செம்பனை எண்ணெயில் இயல்பாக உள்ள வைட்டமின் ஈ மீனின் சதையில் போய்ச் சேர்வதையும் கண்டார்கள். இதனால் வெட்டிய மீன் சிக்கு வாடை அடிப்பது தாமதமாகிறது. ஒமேகா-3 நிறைந்த கொழுப்பு காற்றுப் பட்டால் எளிதில் கெடும், செம்பனைக் கொழுப்பு அவ்வளவு எளிதில் கெடாது. மீனைச் சுத்தம் செய்து உறைய வைத்து விற்கும் நம் சகோதரர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

செம்பனை எண்ணெய்க்கு நம் தட்பவெப்பமும் தோதாக அமைந்திருக்கிறது. அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, குளிரில் உறையும் வகை. குளிர்ந்த நீரில் வாழும் சால்மன், டிரவுட் மீன்களுக்கு இதை அதிகம் கொடுத்தால் செரிமானம் குறைகிறது. நம் தொட்டி நீரோ ஆண்டு முழுதும் 28 டிகிரியைச் சுற்றியே இருப்பதால் கெலிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. மேலே சொன்ன லினோலெனிக் அமிலம் செம்பனை எண்ணெயில் அரை விழுக்காடுகூட இல்லை. சூரியகாந்தி எண்ணெயிலும் இல்லை என்றே சொல்லலாம். சோயா எண்ணெயில் சுமார் 7 விழுக்காடு இருக்கிறது, ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். ஆகவே செம்பனை எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டு, மீன் தூளையும் அறவே நீக்கிவிட்டால் மீனுக்குப் பற்றாக்குறை வரும். நல்ல தீவன ஆலைகள் சோயா எண்ணெய் அல்லது ஆளி விதை எண்ணெய் கொஞ்சம் கலக்கின்றன. இல்லாவிட்டால் மீன் தூளைச் சிறிது வைத்துக்கொள்கின்றன. மீன் தூளிலேயே எட்டுப் பத்து விழுக்காடு எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். மூட்டையில் மீன் எண்ணெய் இல்லை என்று போட்டிருந்தாலும் மீன் தூள் இருந்தால் கடல் கொழுப்பு முழுதாக நின்றுவிடவில்லை என்று பொருள். அட்டையைப் படிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

செம்பனைக்காகக் காடுகள் அழிந்த கதையை இங்கே யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை, நாம் அதன் நடுவில் வாழ்கிறோம். கடலைக் காப்பாற்றக் காட்டைக் கொடுப்பது நல்ல பேரம் ஆகாது. ஆயினும் கெலித் தீவனத்துக்கு வேண்டியது, நாம் பொரிப்பதற்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் செலவழிக்கும் செம்பனை எண்ணெயோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

இப்போது சகோதரிகளின் கேள்வி. எண்ணெய் மாறினால் மீனின் சதையில் என்ன மாறுகிறது?

புரதம் மாறுவதில்லை. நூறு கிராம் கெலியில் பதினைந்து பதினாறு கிராம் புரதம் முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சுவையில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம், அதிலும் சம்பால் போட்ட பிறகு யாராலும் முடியாது. மாறுவது கொழுப்பின் வகை. எந்த எண்ணெயைத் தின்றதோ அதன் சாயல் மீனின் கொழுப்பில் இறங்கிவிடுகிறது. செம்பனை தின்ற மீனில் செம்பனைக் கொழுப்பின் அமிலங்கள் கூடும், சோயா தின்ற மீனில் ஒமேகா-6 கூடும். இரண்டிலும் இபிஏ-யும் டிஎச்ஏ-யும் குறையும். மீன் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது என்றோமே, அது மீனின் தேவைக்கு மட்டும். நமக்கென்று மிச்சம் வைக்கும் அளவுக்கு அது செய்வதில்லை.

இதற்கு உலகறிந்த சான்று சால்மன். நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் தீவனத்தில் மீன் எண்ணெயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கடுகு இனத் தாவர எண்ணெய் ஒன்றைப் போட்டார்கள். ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் இருந்த இபிஏ, டிஎச்ஏ அளவு 2006-க்கும் 2015-க்கும் இடையே ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பாதியான பிறகும் சால்மனில் நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் இருந்தது, ஏனென்றால் அது கொழுத்த மீன். கெலி அப்படி இல்லை. அதன் சதையில் மொத்தக் கொழுப்பே குறைவு. மீன் எண்ணெய் கொடுத்து வளர்த்த காலத்திலும் கெலி ஒமேகா-3-க்குப் பேர்போன மீனாக இருந்ததில்லை. தாவர எண்ணெயில் வளரும் பண்ணைக் கெளுத்தி இனங்களில் நூறு கிராம் சதைக்கு இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து நூறு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும்.

இதை எதனோடு ஒப்பிடுவது? வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்குச் சராசரியாக 250 மில்லிகிராம் போதும் என்பது மருத்துவ வட்டாரத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கருவுற்ற பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அதற்கு மேல் நூறு முதல் இருநூறு மில்லிகிராம் டிஎச்ஏ தேவை. டின்னில் அடைத்த சார்டினில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை அதைச் சமைத்தாலே வளர்ந்தவரின் வாரத் தேவையை எட்டிவிடலாம். அதே தேவையைக் கெலியைக் கொண்டு நிரப்ப வேண்டுமானால் தினமும் கால் கிலோ சதை தின்ன வேண்டிவரும்.

இதனால் கெலியை ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விலை குறைந்த நல்ல புரதம் அது. வளரும் பிள்ளைகள் நான்கு பேர் உள்ள வீட்டில் கோழியும் ஆட்டிறைச்சியும் எட்டாத வாரங்களில் கெலி கை கொடுக்கிறது. ஆனால் டாக்டர் மீன் சாப்பிடச் சொன்னார் என்று கர்ப்பிணி மகளுக்குக் கெலியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவர் சொன்ன காரணத்துக்கு வேண்டிய மீன் கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற கடல் மீன்கள். இவை ஒன்றும் பணக்கார மீன்கள் அல்ல. கருவாட்டு நெத்திலியை ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பங்கு பொரிக்கும் எண்ணெயோடு போய்விடும். ஆணமாக வைத்தால் இறங்கும் கொழுப்பும் ஆணத்தோடு சோற்றுக்கே வரும். நம் பாட்டிமார்கள் மத்தியைப் புளியாணமாக வைத்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

ஒரு விஷயம் எங்களுக்கு இதில் பிடித்திருக்கிறது. நூறு கிலோ சிறு மீனைப் பிழிந்து ஐந்து கிலோ எண்ணெய் எடுத்து, அதைக் கெலிக்கு ஊட்டி, அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் கெலியின் சதையில் திரும்பப் பெறுவதைவிட, அந்தச் சிறு மீனை மனிதரே தின்பது எவ்வளவோ மேல். கெலிக்குச் செம்பனையும் சோயாவும் போதும் என்றால், நெத்திலியும் மத்தியும் மனிதருக்கு மிஞ்சும்.

ஹலால் பற்றியும் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறோம். 2006-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு, நஜிஸான நீரில் வளர்க்கப்பட்ட மீனையும், பன்றி இறைச்சி, செத்த பிராணி போன்ற நஜிஸான பொருள்களை வேண்டுமென்றே கொடுத்து வளர்க்கப்பட்ட மீனையும் உண்பது ஹராம் என்று தீர்ப்பளித்தது. ஃபிக்ஹு நூல்களில் ஜல்லாலா என்ற தலைப்பில் வரும் சட்டத்தை நம்மில் மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். நஜிஸைத் தின்று அதனால் இறைச்சியின் மணமோ சுவையோ மாறிய பிராணியை, சுத்தமான தீனி கொடுத்து அந்த மாற்றம் நீங்கும் வரை அடைத்து வைப்பார்கள். தீவனம் விலை ஏறும் காலங்களில்தான் சில வளர்ப்பாளர்களுக்கு அறுப்புக் கழிவின் மேல் கண் போகிறது. செம்பனை எண்ணெயால் தீவனம் மலிந்தால் அந்தச் சபலம் குறையும் என்ற அளவில் இது தீனுக்கும் உதவுகிற மாற்றம். ஆனால் தாவர எண்ணெய் என்று எழுதியிருப்பது எண்ணெய்க்கு மட்டுமே சாட்சி. விலங்குக் கொழுப்பு, இறைச்சி எலும்புத் தூள் என்று அதே அட்டையில் வேறு வரிகளில் இருந்தால், அது எந்தப் பிராணியுடையது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் பள்ளிவாசல் இமாமிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டிலேயே பெல்லட்டில் எண்ணெய் கலக்கலாமா என்று கேட்கிறீர்கள். கலக்கலாம், ஆனால் அவசியம் இல்லை. முதலில் மூட்டையில் கொழுப்பு என்பதற்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். நான்கு ஐந்து விழுக்காடு என்றிருந்தால் கொஞ்சம் சேர்க்க இடம் இருக்கிறது. எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கை வைக்காதீர்கள். நான்கு விழுக்காடு உள்ள ஒரு கிலோ பெல்லட்டில் 30 கிராம் எண்ணெய் கலந்தால் மொத்தம் ஏழு விழுக்காட்டை நெருங்கும், அது தாராளம். அதற்கு மேல் போனால் கொழுப்பு சதையில் சேராமல் வயிற்றுக்குள் மஞ்சள் கட்டியாகச் சேரும், ஈரல் வெளிறும். வாங்குபவர் மீனைக் கீறியதும் அந்தக் கட்டியைப் பார்த்து முகம் சுளிப்பார். 30 கிராமில் 20 கிராம் சமையலுக்கு விற்கும் சாதாரணச் செம்பனை எண்ணெயாகவும் 10 கிராம் சோயா எண்ணெயாகவும் இருக்கட்டும். பெல்லட்டை அகலமான தட்டில் பரப்பி, எண்ணெயைத் தெளித்து, கையால் புரட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மூடி நிழலில் வையுங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

பொரித்து எடுத்த பழைய எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். நாசி கண்டார் கடைகளில் அது இலவசமாகக் கிடைக்கும், ஆசை வரும். பலமுறை கொதித்துக் கறுத்த எண்ணெயில் கெட்டுப்போன கொழுப்பு நிறைந்திருக்கும். அது மீனின் உடலில் உள்ள வைட்டமின் ஈ-யை அழித்து ஈரலைக் கெடுக்கும். மீன் தீனி எடுக்காமல் மந்தமாகும். மிச்சம் பிடித்த பத்து ரிங்கிட் ஒரே வாரத்தில் பறந்துவிடும். சிக்கு வாடை அடிக்கும் பழைய தீவன மூட்டைக்கும் இதே பேச்சுதான்.

கடைசி சில வாரங்களுக்கு மட்டும் மீன் எண்ணெய்த் தீவனம் கொடுத்தால் ஒமேகா-3 திரும்ப ஏறுமே என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். உண்மைதான், சால்மன் பண்ணைகளில் செய்து பார்க்கப்பட்ட முறை அது. ஆனால் அங்கே மீன் ஆண்டுக் கணக்கில் வளர்கிறது, முடிவில் சில மாதங்கள் ஒதுக்க முடியும். கெலியின் வாழ்நாளே நம் தொட்டியில் நான்கு மாதம். போதிய அளவு ஏற வேண்டுமானால் அதில் பாதிக் காலத்துக்கு விலை கூடிய எண்ணெய் கொடுக்க வேண்டிவரும். சதையில் கொழுப்பே குறைவாக உள்ள மீனில் அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கானாங்கெளுத்தி வாங்கிவிடலாம். நுண்பாசியிலிருந்து டிஎச்ஏ எடுத்துத் தீவனத்தில் சேர்க்கும் முறையும் வந்துவிட்டது, ஆனால் அதன் விலை இப்போதைக்குச் சால்மன் பண்ணைகளுக்கே கட்டுப்படியாகும்.

அடுத்த முறை தீவனம் வாங்கும்போது மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைக் கத்தரித்து அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தெந்தக் கடையில் எந்தெந்த மூட்டையில் புரதம், கொழுப்பு, எண்ணெய் வகை என்ன இருக்கிறது, கிலோ என்ன விலை என்று ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.